தெருப்பலகையும் திரைப்பலகையும்

(வணிகரும் தமிழ்மன்றத்தாரும் கூடிய அவையில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

எகிப்து நாட்டின் செங்கடற் கரையில் குசெய்ர் அல்-கதீம் என்னும் பழந்துறைமுகம் ஒன்று மண்ணில் புதைந்து கிடந்தது. அதனை அகழ்ந்தோர்க்குத் தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்தன. ஓர் ஓட்டில் கண்ணன். மற்றோர் ஓட்டில் சாத்தன். இன்னும் ஒன்றில் பானை உறி என்னும் பொருள்படும் சொற்கள். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னர்க் கடல் கடந்து சென்ற தமிழ் வணிகன், தன் பெயரையும் தன் பண்டத்தின் பெயரையும் தன் எழுத்திலேயே எழுதினான் என்பதற்கு அவை சான்று. அயல்நாட்டுத் துறையில் எவன் தமிழ் படிக்கப் போகிறான் என்று அவன் எண்ணிப் பார்க்கவில்லை. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரத்துப் பண்டகசாலையிலும் இதே காட்சிதான். பொதிகளின் மேல் வணிகர்தம் பெயரும் அளவும் நிறையும் கண்ணெழுத்தாகப் பொறிக்கப்பட்டிருந்தன. பட்டினப்பாலையும் மதுரைக்காஞ்சியும் அங்காடித் தெருக்களில் அசைந்த கொடிகளைப் பேசுகின்றன. இன்ன கடை இங்குளது என்று எட்ட வருவோர்க்கு உணர்த்துதற்கே அக் கொடிகள் பறந்தன.

பொதிமேல் எழுத்து, கடைமேற் கொடி, பின்னர்ப் பெயர்ப்பலகை. வணிகன் தன்னை அறிவிக்கும் முறை இவ்வாறு வளர்ந்து வந்தது. இக்கால் அப் பலகை தெருவைவிட்டு இடம் பெயர்ந்து, கொள்வோர் கையிலுள்ள திரைக்குள் புகுந்துவிட்டது. இவ்வுரை அத் திரைப்பலகையைப் பற்றியது.

காங்கேயத்தையொட்டிய சிற்றூர் ஒன்றில் மரச்செக்கு வைத்து எண்ணெய் ஆட்டும் ஒருவரை எண்ணிக் கொள்க. கடலை, எள், தேங்காய் ஆகிய மூன்றையும் ஆட்டுகிறார். முன்பெல்லாம் அவர் கடைக்கு ஆள் வந்தது எவ்வாறு? ஒருவர் வாங்கிச் சென்று உறவினரிடம் சொன்னார், உறவினர் வந்தார். பேருந்தில் போவோர் பலகையைப் பார்த்து இறங்கினர். செக்கின் மணமே பாதி விளம்பரம். இன்றும் அவ்வழிகள் அடைபட்டுவிடவில்லை. ஆயினும் திருப்பூரிலிருந்து கரூருக்கு ஊர்தியில் செல்லும் ஒரு குடும்பத்தை நோக்குக. இல்லத்தரசி கைப்பேசியை எடுத்துச் ‘செக்கு எண்ணெய், பக்கத்தில்’ என்று வாயால் சொல்லுகிறார். கூகுள் நிறுவனத்தின் தேடுபொறி 2017-ஆம் ஆண்டு முதல் தமிழ்க்குரலைக் கேட்டுத் தேட வல்லது. ஒரு நொடியில் திரையில் நிலப்படம் விரிகிறது. அதன்மேல் சில கடைகளின் பெயர்கள் தோன்றுகின்றன. அவற்றுள் ஒன்றைத் தொட்டால் கடை திறந்துள்ளதா, எத்தனைக் கல் தொலைவு, எண்ணெய் எப்படி என்று பிறர் எழுதிய கருத்து ஆகிய அனைத்தும் தெரிகின்றன. வண்டி அக் கடையை நோக்கித் திரும்புகிறது. திரையில் தோன்றாத கடைக்காரர், சாலையோரத்திலேயே அமர்ந்திருந்தும், அவ் வண்டி தம்மைக் கடந்து போவதைப் பார்த்துக் கொண்டிருக்கிறார்.

திரையில் எக் கடை முதலில் தோன்றும் என்பதனை எவர் முடிவு செய்கின்றனர்? எவரும் அமர்ந்து முடிவு செய்வதில்லை, பொறி கணக்கிடுகிறது. அக் கணக்கிற்கு அடிப்படையாவன மூன்று என்று அந் நிறுவனமே வெளிப்படையாகக் கூறியுள்ளது. தேடியவர் கேட்ட பொருளுக்கும் கடைக்கும் உள்ள பொருத்தம் ஒன்று; கேட்டவர் நிற்கும் இடத்திற்கும் கடைக்கும் உள்ள தொலைவு மற்றொன்று; அக் கடையின் பெயர்பரவல் மூன்றாவது. தொலைவைக் கடைக்காரரால் மாற்றவியலாது. பெயர்பரவல் மெல்ல மெல்ல வளர்வது. பொருத்தம் ஒன்றுதான் அவர் கையில் இன்றே உள்ளது. பொருத்தமோ சொற்களால் ஆவது. கடைக்காரர் தம் கடையைப் பற்றி எச் சொற்களை எழுதி வைத்தாரோ, அச் சொற்களுக்கும் தேடுவோர் சொல்லுக்கும் உள்ள நெருக்கத்தையே பொறி முதற்கண் பார்க்கிறது. ஆகலின் மொழிச்சிக்கல் இங்கே வணிகச் சிக்கலாகவே மாறி நிற்கிறது. ‘வணிகம் வேறு, மொழியுணர்வு வேறு’ என்று கூறித் தமிழ்ப் பலகைக்கு முகஞ்சுளித்த கடைக்காரர்க்கும் இனி அவ்வாறு பிரித்துப் பேச வழியில்லை.

செக்கு எண்ணெய்க் கடைக்கே மீள்வோம். கடைக்காரரின் மகன் கோவையில் பொறியியல் படித்தவர். தந்தைக்கு உதவ விரும்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையின் பெயரைக் கூகுளின் கடைப்பதிவில் ஏற்றுகிறார். இப் பதிவுக்குக் காசு வேண்டுவதில்லை. 2014-இல் ஒரு பெயரோடு தொடங்கி, 2021 நவம்பரில் ‘பிசினசு புரொபைல்’ என்று பெயர் மாற்றப்பட்ட ஏற்பாடு அது. கடை உண்மையாகவே அங்கு உள்ளதா என்று தொலைபேசி வழியோ காணொளி வழியோ அஞ்சலட்டை வழியோ உறுதி செய்துகொண்ட பின்னர்ப் பதிவு வெளிப்படும். மகன் செய்தது நல்ல பணி. ஆனால் அவர் என்ன எழுதினார்? தெருவில் தந்தை தொங்கவிட்டிருந்த பலகையில் தமிழில் இருந்த பெயரை விட்டுவிட்டு, ‘கோல்டு பிரசுடு ஆயில்சு’ என்று ஆங்கில எழுத்தில் எழுதினார். ஊர்ப்பெயரும் ஆங்கிலம்; பண்டங்களின் பெயரும் ஆங்கிலம்; கடையைப் பற்றிய விளக்கமும் ஆங்கிலம். செக்கு என்ற சொல்லோ நல்லெண்ணெய் என்ற சொல்லோ அப் பதிவில் ஓரிடத்தும் இல்லை. தமிழில் கேட்ட இல்லத்தரசிக்கும் தமிழில் ஆட்டிய செக்குக்கும் நடுவே ஆங்கிலத்தில் ஒரு சுவர் எழுந்தது. எழுப்பியவர் பகைவர் அல்லர், வீட்டுப்பிள்ளை.

‘பொறி தானே மொழிபெயர்த்துக் கொள்ளாதா’ என்று கேட்பாருமுளர். ஓரளவு செய்கிறது. 2021 சனவரியில் கூகுள் நிறுவனம் ஓர் அறிவிப்பைச் செய்தது. நிலப்படத்தில் ஆங்கிலத்தில் உள்ள கடை, மருத்துவமனை, பள்ளி முதலியவற்றின் பெயர்களைத் தமிழ் உட்படப் பத்து இந்திய மொழிகளின் எழுத்துகளில் பொறியே ஒலிபெயர்த்துக் காட்டும் என்பது அது. நன்முயற்சிதான். ஆனால் இதன் உட்பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழன் ஒருவன் தன் கடைக்குத் தமிழ்ப்பெயர் வைக்கிறான். அதனை ஆங்கில எழுத்தில் பதிகிறான். அவ் வாங்கில எழுத்தைப் பொறி மீண்டும் தமிழெழுத்தாக்கி வேறொரு தமிழனுக்குக் காட்டுகிறது. பக்கத்துத் தெருவிற்குச் செல்ல வேண்டிய பெயர் இலண்டன் சென்று திரும்பி வருவது போன்ற கதை இது. திரும்பும்போது முழுமையாகவா திரும்புகிறது? லகர ளகர ழகரங்கள் மூன்றும், ணகர நகர னகரங்கள் மூன்றும் ஆங்கில எழுத்தில் தத்தம் வேறுபாட்டை இழந்துவிடுகின்றன. பழக்கடையைப் பதிந்தவர் ழகரத்தை ஒருவகையாக எழுதுவார்; தேடுபவர் வேறுவகையாக எழுதுவார்; வடநாட்டிலிருந்து வந்தவர் மூன்றாம் வகையாக எழுதுவார். தமிழில் ‘பழம்’ என்பதற்கு எழுத்து வடிவம் ஒன்றே.

ஊர்ப்பெயர்களில் இக் குழப்பம் இன்னும் மிகுதி. தூத்துக்குடிக்கு ஆங்கிலத்தில் இரண்டு பெயர். திருச்சிராப்பள்ளிக்குச் சுருக்கமும் விரிவுமாகப் பல. 2020-இல் தமிழ்நாட்டரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக் கோவையைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்பத் திருத்தி ஆணையிட்டதும், எழுந்த குறைகூறல்களால் சில நாள்களிலேயே அதனைத் திரும்பப் பெற்றுக் கொண்டதும் நினைவிருக்கலாம். ஆங்கிலத்தில் ஓர் ஊர்ப்பெயரை எப்படி எழுதுவது என்பதில் அரசாலேயே ஒரு முடிவுக்கு வர இயலவில்லை. தமிழில் எழுதிய ஊர்ப்பெயருக்கு அச் சிக்கலே எழவில்லை.

தமிழர் பலர் தேடும்போது ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதுகின்றனர் என்பது உண்மையே. விசைப்பலகைப் பழக்கமின்மை அதற்குக் கரணியம். தமிழ்99 விசைப்பலகை வந்து கால் நூற்றாண்டு கடந்த பின்னும் பள்ளிகளில் அது முறையாகக் கற்பிக்கப்படாமை வேறொரு பெருங்குறை. ஆனால் குரலால் தேடும் வழக்கம் இம் மதிலை உடைத்து வருகிறது. வாயால் சொல்லுகின்றவர்க்கு விசைப்பலகை வேண்டுவதில்லை. அவர் சொல்வது தமிழெழுத்தாகவே திரையில் விழுகிறது. எழுதப் படிக்கத் தடுமாறும் முதியவரும் இன்று தேடுகின்றார். அவர் தேடுவது தமிழிலேயே. 2017-இல் கேபிஎம்சி நிறுவனமும் கூகுளும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வறிக்கை, 2016-ஆம் ஆண்டளவில் இந்திய மொழிகளில் இணையத்தைப் பயன்படுத்துவோர் 23.4 கோடி என்றும், ஆங்கிலத்தில் பயன்படுத்துவோர் 17.5 கோடி என்றும் கணக்கிட்டது. இணையத்தை ஏற்றுக் கொண்ட அளவில் இந்திய மொழியினருள் தமிழரே முன்னிற்கின்றனர் என்றும் அவ் வறிக்கையே கூறியது. கொள்வோர் தமிழில் வந்து நிற்கின்றனர். விற்போர்தாம் ஆங்கிலத்தில் ஒளிந்து கொண்டிருக்கின்றனர்.

இனி, தமிழியக்கத்தார் தம்மைத் தாமே கேட்டுக் கொள்ள வேண்டிய கடுமையான கேள்வி ஒன்றுண்டு. கடைக்காரர் இயக்கத்தின் சொல்லைக் கேட்டுத் தூய தமிழில் பெயர் வைத்தார் எனக் கொள்க. ‘அடுமனை’ என்று பலகை மாட்டினார். தெருவில் போகிறவன் கண்ணாடிப் பேழையில் உள்ள பண்டங்களைப் பார்த்துப் பொருளை உணர்ந்து கொள்வான். அங்கே சொல்லுக்குப் பண்டமே உரை எழுதிவிடுகிறது. திரையிலோ பண்டம் பின்னர்தான் தெரியும். சொல் முன்னே செல்ல வேண்டும். தேடுபவன் ‘பேக்கரி’ என்று தேடுகிறான். அடுமனை என்ற சொல்லை அவன் தேடவில்லை. இந்நிலையில் தூய தமிழ்ப்பெயர் வைத்தவர் பட்டியலில் பின்னுக்குப் போய்விட்டால், ‘இயக்கத்தாரை நம்பிக் கெட்டேன்’ என்று அவர் சொல்வதில் பிழையுண்டா? இக் கேள்வியைக் கண்மூடிக் கடந்துபோவது நேர்மையன்று.

இதற்கு விடையும் அப் பொறியின் அமைப்பிலேயே உள்ளது. கடைப்பதிவில் பெயர் ஓரிடம், தொழில் வகை ஓரிடம், பண்டங்களின் பட்டியல் ஓரிடம், விளக்கம் ஓரிடம். விளக்கத்திற்கு 750 எழுத்துக் குறிகள் வரை இடமுண்டு. தொழில் வகையை அந் நிறுவனம் தரும் பட்டியலிலிருந்தே தேர்ந்தெடுத்தல் வேண்டும். அதனைச் சரியாகத் தேர்ந்தால், பெயர் எதுவாயினும் இது ரொட்டியும் இனிப்பும் விற்கும் கடை என்பதைப் பொறி அறிந்துகொள்ளும். பெயரில் அடுமனை நிற்கட்டும். விளக்கத்தில், ‘பேக்கரி என்று மக்கள் வழங்கும் அடுமனை’ என்று ஒரு தொடர் எழுதுவதால் தூய்மை கெட்டுவிடாது. அகரமுதலியில் வழக்குச் சொல்லைத் தந்து அதற்குத் தூய சொல்லைக் காட்டுவதில்லையா? அதுபோன்றதே இதுவும். தேடி வருபவன் அறிந்த சொல்லின் வழியே வந்து அறியாத சொல்லைக் கற்றுப் போகிறான். உணவகம், மருந்தகம் என்னும் சொற்கள் மக்கள் வாயில் ஏறியது எவ்வாறு? மேடையில் முழங்கியதால் மட்டும் அன்று, தெருத்தெருவாகப் பலகைகளில் அவை நின்றன, நாள்தோறும் கண்ணில் பட்டன, ஏறிவிட்டன. திரையிலும் அதுவே நடக்கும்.

ஆனால் ஓர் உட்பகை இருக்கிறது. அதனையும் மறைக்காமல் சொல்லியாதல் வேண்டும். அடுமனை என்பார் ஒரு சாரார். வெதுப்பகம் என்பார் மற்றொரு சாரார். கைப்பேசி, அலைபேசி, செல்பேசி, செல்லிடப்பேசி என்று ஒரு கருவிக்கு நான்கு பெயர். படியெடுக்கும் கடைக்கு நகலகம், படியகம், ஒளிப்படியகம். ஆக்கியவர் ஒவ்வொருவரும் தம் சொல்லே சிறந்தது என்று நூல் எழுதலாம். சொல்லாராய்ச்சிக்கு அது விருந்து. பொறிக்கோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு புதுச்சொல். ‘பேக்கரி’ என்று ஆயிரம் பேர் எழுதுமிடத்தில், தமிழ்ச்சொல் எழுதும் நூறு பேர் மூன்றாகப் பிரிந்து நின்றால், ஒவ்வொரு தமிழ்ச்சொல்லும் முப்பது பேரின் சொல்லாகச் சிறுத்துப் போகிறது. அயற்சொல் தமிழை வென்றது பாதி. தமிழ்ச்சொற்கள் தமக்குள் பொருது தோற்றது பாதி. ஓர் ஊரின் வணிகர்களேனும் கூடி, இன்ன கடைக்கு இன்ன சொல் என்று ஒன்றை வைத்துக் கொண்டால், அவ்வூரில் தேடுவோர்க்கு அச் சொல் நிலைபெற்றுவிடும். அது சிறந்த சொல்லா, இரண்டாம் சொல்லா என்ற வழக்கைப் புலவர்கள் பின்னர்த் தீர்த்துக் கொள்ளட்டும்.

செக்கு என்ற சொல்லின் நற்பேறு இங்கே குறிப்பிடத்தக்கது. எவரும் ஆக்கித் தராமல், உழவர் வாயிலேயே இருந்த சொல் அது. இன்று பெருநகரத்துக் கடைகளும், ஆங்கிலத்திலேயே விளம்பரம் செய்தாலும், மரச்செக்கு என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் பொறித்தே விற்கின்றன. வாகைமரச் செக்கு என்று மரத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லி விலையைக் கூட்டுவாரும் உளர். தமிழ்ச்சொல்லுக்குச் சந்தையில் மதிப்பில்லை என்பார் இதற்கு என்ன விடை கூறுவர்? கருப்பட்டி, நாட்டுச்சருக்கரை, கைக்குத்தல் அரிசி, சுக்குக் காப்பித்தூள் ஆகியவற்றுக்கும் இந் நிலையே. இப் பண்டங்களை விற்போர் தம் பதிவில் இச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதாதிருப்பது, வீட்டில் பொன்னை வைத்துக்கொண்டு கடன் கேட்டுப் போவது போன்றது.

எழுத்துருவைப் பற்றியும் ஒரு சொல். அச்சகங்கள் பல இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலேயே துண்டறிக்கையும் பெயரட்டையும் அமைக்கின்றன. அவற்றில் கண்ணுக்குத் தெரிவது தமிழ். கணினிக்குள் இருப்பதோ ஆங்கில எழுத்துகளின் பொருளற்ற கோவை. ஆகலின் அவ் வெழுத்தை அப்படியே வலைத்தளத்தில் ஏற்றினால் பொறிக்கு ஒன்றும் விளங்காது. ஒருங்குறியில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. 2010-இல் தமிழ்நாட்டரசும் ஒருங்குறியையும் தமிழ் அனைத்தெழுத்துருக் குறியேற்றத்தையும் ஏற்று ஆணை பிறப்பித்தது. எனவே தளத்தில் ஏறும் எழுத்து ஒருங்குறியில் இருத்தல் வேண்டும். சிலர் அழகான தமிழ் எழுத்தை ஓவியமாக வரைந்து படமாகவே தளத்தில் ஒட்டிவிடுகின்றனர். படத்திலுள்ள எழுத்தைப் பொறி படிக்கும் என்று நம்பியிருப்பதை விட, அருகே எழுத்தாகவும் எழுதி வைப்பது அறிவுடைமை. பண்டப் பெயரும் விலையும் திறக்கும் நேரமும் எழுத்தில் இருக்கட்டும். ஓவியம் அணியாக இருக்கட்டும்.

அடுத்து, கொள்வோர் எழுதும் கருத்துரைகள். கடையின் பெயர்பரவலை அளக்க அவற்றின் எண்ணிக்கையும் மதிப்பீடும் கணக்கில் சேர்கின்றன. அவற்றிலுள்ள சொற்களும் வீண்போவதில்லை. தேடியவர் சொன்ன சொல் ஒரு கருத்துரையில் இருந்தால், அதனை எடுத்துக் கடைப்பெயரின் கீழேயே பொறி காட்டுவதுண்டு. ‘நல்லெண்ணெய் மணமாக உள்ளது, கலப்பில்லை’ என்று ஒருவர் தமிழில் இரண்டு வரி எழுதினால், அடுத்து நல்லெண்ணெய் தேடும் தமிழருக்கு அக் கடை நெருங்கி வருகிறது. காசு கொடுத்துக் கருத்துரை எழுதுவிப்பதும், தள்ளுபடி காட்டி எழுதுவிப்பதும் அந் நிறுவனத்தின் விதிகட்கு மாறானவை, அறத்திற்கும் மாறானவை. அவ் விழிதொழில் வேண்டா. நிறைவோடு செல்லும் கொள்வோரிடம், ‘இருந்ததை இருந்தபடி தமிழிலேயே எழுதுங்கள்’ என்று கேட்பதில் இழுக்கில்லை. குறை எழுதுவோர்க்கும் கடைக்காரர் பொறுமையோடு தமிழில் மறுமொழி எழுத வேண்டும். எழுதியவர் மட்டுமன்று, இனி வருவோர் அனைவரும் அம் மறுமொழியைப் படிப்பர். ‘நன்றி’ என்ற ஒரு சொல்லுக்கும் ஆங்கிலத்தைத் துணைக்கழைக்கும் பழக்கத்தை இங்கேனும் விட்டொழித்தல் நன்று.

காசு கட்டித் தோன்றும் விளம்பரங்கள் தனி. பட்டியலின் தலைப்பில் விளம்பரம் என்ற குறிப்போடு வருபவை அவை. சிறுகடைக்காரர் அவற்றில் பெருநிறுவனங்களோடு மல்லுக்கு நிற்பது அரிது. வேண்டுமாயின் விழாக்காலத்தில் சிறு தொகை செலவிட்டுப் பார்க்கலாம். ஆனால் ஒரு வரலாற்றை மறத்தலாகாது. வலைப்பக்கங்களில் விளம்பரம் இட்டுப் பக்க உடைமையாளர்க்கு வருவாய் தரும் கூகுளின் ஏற்பாடு, இந்தி மொழிப் பக்கங்களை 2014-இல் ஏற்றது. தமிழ்ப் பக்கங்களை 2018-இல்தான் ஏற்றது. இந்தியில் எழுதியவன் கூலி பெற்றுக் கொண்டிருந்த அவ் வாண்டுகளில், தமிழில் எழுதியவன் கைப்பொருள் இழந்தே எழுதிக் கொண்டிருந்தான். தமிழில் பக்கங்கள் குறைவு, ஆகவே விளம்பரம் இல்லை. விளம்பரம் இல்லை, ஆகவே பக்கங்கள் குறைவு. இந்த நச்சுவட்டத்தை உடைக்கத் தமிழ் வணிகர்தம் பதிவுகள் பெருகுவதும் ஒரு வழி.

இவ்வளவு கூறியதால் அந் நிறுவனத்தைத் தமிழரின் துணைவன் என்று எவரும் மயங்கிவிட வேண்டா. தேடல் முடிவுகளில் ஒருசார்பாக நடந்துகொண்டது என்று இந்தியப் போட்டி ஆணையம் 2018-இல் அதற்கு 135.86 கோடி உருபா தண்டம் விதித்தது. 2024-இல் அமெரிக்க நயன்மன்றமே, தேடல் தொழிலில் அது தன் முற்றுரிமையைச் சட்டத்திற்கு மாறாகக் காத்து வந்தது என்று தீர்ப்புரைத்தது. அதன் திரையில் கடை வைத்திருப்பது குடிக்கூலி வீட்டில் இருப்பது போன்றது. விதி மாறினால் ஒரே நாளில் பதிவு மறைந்துவிடவும் கூடும். எனவே இயன்றவர்கள் தம் பெயரில் சிறு வலைத்தளம் ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொள்ளல் வேண்டும். கொள்வோரின் தொலைபேசி எண்களை அவர்தம் இசைவோடு ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கொள்வதும் பழைய முறையாயினும் சாகாத முறை. இப்போது பொறி, கடைகளின் பட்டியலைக் காட்டுவதோடு நில்லாது, செய்யறிவின் துணையால் தானே விடை சொல்லவும் தொடங்கிவிட்டது. அது சொல்லும் விடை எவரோ முன்னர் எழுதி வைத்தவற்றிலிருந்தே திரள்வது. தமிழ் வணிகம் தமிழில் எழுதப்படாவிடின், ‘அவ்வூரில் அத்தகைய கடை உண்டா’ என்று தமிழில் கேட்பவனுக்கு அப் பொறி என்ன விடை கூறும்?

சட்டமும் இதில் தமிழர் பக்கமே உள்ளது. 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் 1948-இல் வகுக்கப்பட்ட விதிகளுள் 15-ஆம் விதி, தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகை தமிழில் இருத்தல் வேண்டும் என்கிறது. பிறமொழியும் எழுத விரும்பினால் தமிழே முதன்மையாக நிற்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், விரும்பிய பிறமொழி ஆகியவை 5:3:2 என்ற அளவில் அமைய வேண்டும். இவ் விதியைப் பல கடைத்தெருக்கள் எந்த அளவில் மதிக்கின்றன என்பது கண்ணிருப்பவர்க்கெல்லாம் தெரியும். கூகுளின் நெறிமுறையோ கடைப்பதிவில் எழுதும் பெயர், கடையின் முகப்புப் பலகையிலும் தாள்களிலும் வழங்கும் உண்மைப் பெயராகவே இருத்தல் வேண்டும் என்று கூறுகிறது; பண்டப் பெயர்களையும் ஊர்ப்பெயரையும் வலிந்து பெயரில் திணிப்பதை அது தடுக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். தெருப்பலகை தமிழில் இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டின் விதி. திரைப்பலகை தெருப்பலகையைப் போல் இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. அப்படியாயின், தமிழ்நாட்டில் திரைப்பலகையும் தமிழில் இருத்தலே இயல்பு. ஆங்கிலத்தில் மட்டும் பதிந்தவர் அயலானின் விதியையும் உள்ளூர் விதியையும் ஒருசேர மறந்தவராவார்.

ஆங்கிலமே கூடாது என்பது இவ்வுரையின் கருத்தன்று. காங்கேயத்துக் கடைக்குப் பெங்களூரிலிருந்து ஒருவர் எண்ணெய் கேட்டு எழுதலாம். திருப்பூரில் வேலைக்கு வந்துள்ள பிற மாநிலத்தவர் தேடி வரலாம். அவர்களுக்காக விளக்கத்தின் இறுதியில் ஆங்கிலத்திலும் இரண்டு வரி இருக்கட்டும். தமிழ் மேலே, ஆங்கிலம் கீழே.

தமிழ்மன்றத்து இளைஞர்கள் இதனைச் செயலில் காட்ட விரும்பின், ஒரு தெருவை எடுத்துக் கொள்ளலாம். இருபது கடை, முப்பது கடை இருக்கும். ஒவ்வொரு கடைக்காரரிடமும் அமர்ந்து, பதிவு உண்டா, பெயர் எம்மொழியில் உள்ளது, தொலைபேசி எண் இன்னும் பயன்பாட்டில் உள்ளதா, பொங்கலன்று கடை மூடப்படுவது குறிக்கப்பட்டுள்ளதா, பண்டப் பெயர்கள் தமிழில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். பின்னர் ஒரு கைப்பேசியில் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் தேடி, அக் கடை எங்கே தோன்றுகிறது என்பதைக் கடைக்காரர் கண்ணெதிரே காட்ட வேண்டும். நூறு மேடைப்பேச்சு செய்யாததை அவ்வொரு காட்சி செய்யும்.

ஒன்றில் விழிப்பு வேண்டும். நிலப்படத்தில் உள்ள கடையின் பெயரை மாற்றுமாறு வழிப்போக்கர் எவரும் முன்மொழிய அப் பொறி இடந்தருகிறது. தமிழ்ப்பற்றின் வேகத்தில் கடைக்காரர் அறியாமல் அவர் பதிவில் கைவைத்தல் கூடாது. அது பிறர் பலகையில் இரவில் தார் பூசுவதை ஒத்தது. மாற்றத்தை அவர் கையாலேயே செய்வித்தல் வேண்டும். பதிவு அவருடைய மின்னஞ்சலில் இருக்கட்டும். கடவுச்சொல்லை அவரே ஒரு தாளில் எழுதிப் பணப்பெட்டியில் வைத்துக் கொள்ளட்டும். உதவிய இளைஞர் நாளை வேலை தேடிச் சென்னைக்குப் போய்விட்டாலும், செக்கடிக்காரர் தம் பலகையைத் தாமே திருத்திக் கொள்ள இயல வேண்டும்.